கடலைக்குப் பொருள் தேடிய நாரை

ஏரிக்கரை வழக்குச் சொற்களைத் தொகுத்துவந்த கிழநாரை, 'கடலை போடுதல்' என்பதற்குப் பொருள் காண முனைந்தது. தவளையிடம் ஒரே ஒருமுறை கேட்டது. நீர்க்கோழியிடமோ ஒரு மாதமாக, நாள்தோறும் இறகைக் கோதிக்கொண்டு போய்க் கேட்டது.

"ஆணும் பெண்ணும் காரியமே இல்லாமல் சிரித்துச் சிரித்துப் பேசுவதுதான் ஐயா. எத்தனை தடவை சொல்வது?" என்று சிரித்தது நீர்க்கோழி. "நல்லவேளை, நாளை நான் அக்கரைக்குக் குடிபெயர்கிறேன்."

நாரை அவசரமாக ஓலையைப் புரட்டியது. "அக்கரை உச்சரிப்பு வேறாயிற்றே. அங்கும் வந்து கேட்டால்தான் தொகுப்பு நிறைவுறும்."

"பேசப்போவது நான்தானே? கரை மாறினால் நாக்கு மாறுமா?"

தாமரை இலையிலிருந்த தவளை, "என்னிடம் கேட்க ஒன்றும் மிச்சமில்லையா, பெரியவரே?" என்றது.

நாரை அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓலையில் எழுதியது: 'கடலை போடுதல்: வேலையற்ற பிறர் செய்வது.'

பிறகு நீர்க்கோழியின் பக்கம் திரும்பி, "அக்கரையில் எந்த நாணற்புதர், அம்மா?" என்று கேட்டது.