கிருமி வந்த வழி

மரமறுக்கும் வாள் இலுப்பையில் படுவதற்கு முன்பே கால்நடை மருத்துவர் ஜஸீலாவின் ஸ்கூட்டர் ஆற்றங்கரையில் வந்து நின்றது.

"மரத்தை விடுங்க ஐயா. கிருமிப் பரிசோதனை ரிசல்ட் வந்துடுச்சு."

இராஜாங்கம் வாள்காரரைக் கையமர்த்தினார். வெள்ளைக்கழிச்சல் நோயில் அவர் வீட்டுக் கோழிகள் பாதி செத்துப்போய்விட்டன. இலுப்பை மரத்து நாரைகள்தான் நோயைக் கொண்டுவந்தன என்பது அவர் தீர்ப்பு.

மேலே கூடுதோறும் குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருந்தன.

மரம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. தம்பி புகழேந்தி அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, வெட்டவிடாமல் நின்றார். அவர் வீடு அக்கரையில். பாகப்பிரிவினைக்குப் பிறகு அண்ணனோடு பேச்சில்லை.

"கிருமிக்கும் குலம் கோத்திரம் உண்டுங்க ஐயா" என்றாள் ஜஸீலா. "நாரை எச்சத்துல இருந்தது வேற வம்சம். உங்க கோழிக்கு வந்ததும் அக்கரைக் கோழிக்கு வந்ததும் ஒரே வம்சம். சந்தையில விக்கிற குஞ்சுல இருக்கிற வம்சம் அது. ஆத்தைத் தாண்டி எப்படி வந்துச்சு?"

எல்லோரும் இரண்டு வீட்டுப் பெண்களையும் பார்த்தார்கள்.

"முருகன் சத்தியமா நான் இல்ல" என்றாள் இராஜாங்கத்தின் மனைவி ராமாயி.

புகழேந்தியின் மனைவி மலர்க்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இராஜாங்கத்தைப் பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"அவன் மக வேம்பு முழுகாம இருக்குன்னாங்க. பிள்ளை பெத்த உடம்புக்கு நாட்டுக்கோழி வேணும்ல? அங்க அடைக்கோழி இல்ல. அவன் வயலுக்குப் போன நேரமாப் பாத்து நம்ம அடைக்கோழி கருப்பியைக் கொண்டுபோய் விட்டேன். குஞ்சு பொரிச்சதும் நம்ம பங்குக்குப் பாதிக் குஞ்சோட மலர்க்கொடி அதைத் திருப்பிக் கொடுத்துச்சு."

"கருப்பி என் தங்கச்சி வீட்டுல அடை கிடக்குதுன்னீங்களே!" ராமாயி இடுப்பில் கைவைத்தாள். "நான் மட்டும் அந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாதாக்கும்?"

கரையே சிரித்தது. ஜஸீலாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வாள்காரர் வாளைச் சாக்கில் சுற்றினார்.

"அல்ஹம்துலில்லாஹ். மிச்சக் கோழிக்கெல்லாம் இன்னைக்கே தடுப்பூசி போட்டுடலாம்" என்றாள் ஜஸீலா. "ஆனா அந்தச் சந்தைக் குஞ்சு?"

இராஜாங்கம் கையை விரித்தார். மலர்க்கொடியும் தங்கள் வீட்டில் வாங்கவில்லை என்றாள்.

புகழேந்தி மரத்தை விட்டு இரண்டடி முன்னால் வந்தார். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்க வீட்டுல அடை கிடந்தது உங்க கருப்பின்னு எனக்குத் தெரியாதா? பாதி முட்டை பொரிக்காமக் கூமுட்டையாப் போயிடுச்சு. உங்க பங்கு குறைஞ்சா நல்லாவா இருக்கும்? நான்தான் சந்தையில நாலு குஞ்சு வாங்கி, யாருக்கும் தெரியாமக் கருப்பியோட குஞ்சுக் கூடையில சேத்துவிட்டேன், அண்ணே."