விற்ற விலை

பிள்ளையைத் தொட்டிலில் போடுவதற்கு முன்பே அதன் பேரில் சந்தையில் பங்கு வெளியிட்டுவிடுகிற காலம் அது. மூன்றாம் வகுப்பில் லாப நஷ்டக் கணக்கு வந்துவிட்டால், வீட்டுப்பாடமும் அவரவர் பங்கை வைத்துத்தான்.

நிறைமதி உம்மென்று வந்து அப்பா கவினிடம் நோட்டை நீட்டினாள்.

"நீங்க என் பங்கை நூறு ரூபாய்க்கு வாங்கியிருக்கீங்கப்பா. இன்னைக்கு விலை நாப்பத்தொண்ணு. ஒரு பங்குக்கு அம்பத்தொம்பது ரூபா நஷ்டம்."

கவினுக்கு அது தெரிந்த கதைதான். ஓட்டப்பந்தயத்தில் அவள் தடுக்கி விழுந்தபோது சரியத் தொடங்கிய விலை, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டதும் தரைதட்டியது. முறைக்குப் பங்காளியான அவளுடைய பெரியப்பாகூட அன்றைக்கே தன் பங்கையெல்லாம் விற்றுவிட்டு நல்ல பிள்ளையாக வந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

கவின் நோட்டைப் பார்த்தான். "கணக்கு தப்பு."

"மிஸ் சொன்ன மாதிரிதான் போட்டேன். வாங்கின விலையில வித்த விலையைக் கழிக்கணும்."

"வித்த விலைன்னு எதைப் போட்ட?"

"இன்னைக்கு விலையை."

"நான் எப்ப வித்தேன்?"

அவள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு யோசித்தாள். "எப்ப விப்பீங்க?"

"விக்கிறதா இல்லை. அதை அழிச்சிட்டு இடத்தைச் சும்மா விடு."

"சும்மா விட்டா மிஸ் மார்க் போட மாட்டாங்கப்பா. என் விலை இன்னும் இறங்கிரும்."

கவின் ரப்பரைத் தேடி எடுத்து அவள் கையில் வைத்தான்.

"இறங்கட்டும். இன்னும் கொஞ்சம் வாங்கிக்கிறேன்."