எட்டு போடும் ஸ்கூட்டர்

உலகம் முடிந்து ஆள் அரவமே இல்லாமல் போன பிறகும், ஒரு ஸ்கூட்டர் லைசென்ஸ் மைதானத்தில் தினமும் எட்டு போட்டுப் பழகிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் ஒட்டிய சிவப்பு 'எல்' ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை.

ஒரு நாய்க்குட்டி மூச்சிரைக்க ஓடி வந்தது. "கடல் பொங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துடுச்சு. என்னை ஏத்திக்கிட்டு மலைக்குக் கிளம்பு!"

"இன்ஸ்பெக்டர் பார்த்து பாஸ் போடாம எப்படி ரோட்டுல இறங்குறது?"

"அவரு எங்கே வரப்போறாரு? இங்கேயே சுத்திக்கிட்டிருந்தா இருக்கிற பெட்ரோலும் தீர்ந்துடும்."

ஸ்கூட்டர் நின்றது. "நான் தப்பாப் போனா சொல்லக்கூட ஆளில்லையேடா. அதான் பயமாயிருக்கு."

நாய்க்குட்டி முன்னால் ஏறி நின்றுகொண்டது. தண்ணீர் மைதானத்தைத் தொட்டபோது ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டி, காலி ரோட்டில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது.

"அந்த ஸ்டிக்கரைப் பிய்ச்சுப் போட்டுடவா?" என்றது குட்டி.

"வேணாம். எதிரே யாராவது வந்தா, நான் இன்னும் பழகிக்கிட்டுதான் இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."