சபீஹாவின் கடற்பாசி

சபீஹாவின் வீட்டில் நோன்பு திறக்க உட்கார்ந்தபோது, அவளுடைய உம்மா தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். அப்போதுதான் எங்கள் பாசி எங்கே போனது என்று தெரிந்தது.

பால் வெள்ளையில், ஏலக்காய் மணக்கக் காய்ச்சி, இறுகவைத்து, துண்டு துண்டாக வெட்டியிருந்தார். சீனிக்கு அலைந்த எழுபத்துமூன்றாம் ஆண்டு அது. கூப்பன் சீனி முழுவதும் அதற்குள்தான்.

“கிணத்தடி வாளிக்குள்ளை கிடந்த பாசியோ, உம்மா?” என்றாள் சபீஹா.

“ஓம். மலர் நோன்புக்கெண்டு கொண்டுவந்தது எண்டு நினைச்சன். கல்லை வெட்டி எறிஞ்சுபோட்டுக் காய்ச்சினன்.”

மலர் நான்தான். அண்ணையைக் கெஞ்சி யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் கல்லோடு பெயர்த்தெடுக்க வைத்து, சைக்கிளில் கொண்டுவந்தது, எங்கள் தாவரவியல் பாடத்துக்கு. தாளில் ஒட்டி, பிடி, தண்டு, கிளை என்று குறித்துக் கொடுக்க வேண்டும். பிடி இல்லாத பாசியை ரீச்சர் தொட்டும் பார்க்கமாட்டார்.

மறுநாள் சபீஹாவின் வாப்பா மன்னாருக்குப் போக இருந்தார், மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுக்க. கொடுத்துவிட்டால் பெருநாளோடு அவளுக்குக் கல்யாணம், படிப்பு நின்றுவிடும். ஒட்டிய தாளை அன்றிரவே அவரிடம் காட்டி, படிப்பை முடிக்க விடும்படி கேட்பது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம்.

பாங்கு கேட்டது. வாப்பா பேரீச்சம்பழம் தின்று, ஒரு துண்டு பாசியை வாயில் போட்டார்.

“நல்லாயிருக்கு. எங்கை வாங்கினது?”

“வாங்கேல்லை, வாப்பா. என்ரை படிப்புக்கு வைச்சிருந்தது.”

உம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“வேரோடையோ இருந்தது?” என்றார் வாப்பா.

“பாசிக்கு வேர் இல்லை, வாப்பா.”

அவரை மறுத்து அவள் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதேயில்லை.

“கல்லைப் பிடிச்சிருக்க அடியிலை ஒரு பிடி இருக்கு, அவ்வளவுதான். அது ஒண்டையும் உறிஞ்சாது.”

“அப்ப எதாலை சாப்பிடும்?”

“உடம்பு முழுக்கவும்.”

கஞ்சியில் விரலைத் தோய்த்து, தட்டின் ஓரத்தில் கீறிக் காட்டினாள். பிடி. தண்டு. கிளைகள். வாப்பா குனிந்து பார்த்தார். அவருடைய கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

சொல்லவே வெட்கம். இவள் இப்போது அழப்போகிறாள் என்று பயந்த நேரம் முழுக்க நான் பாசி தின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு ருசி. அதற்குப் பிறகு எத்தனை ஊரில், எத்தனை வீட்டில் தின்றும் அது வாய்க்கவில்லை. அந்த வீட்டை நினைத்தால் இன்றும் மனம் ஏங்குகிறது.

வாப்பா எழுந்து கை கழுவினார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு உம்மாவைப் பார்த்தார்.

“நாளைக்கு நான் மன்னாருக்குப் போகமாட்டன். அவைக்கு அவசரமெண்டால் வேறை இடம் பாக்கட்டும்.”

“ஏன், என்ன நடந்தது?”

“விடியக் கடலுக்குப் போகவேணும். இவளும் என்னோடை வரட்டும். எனக்குப் பிடி எது எண்டு தெரியாது.”