யார் அந்தத் தூவி?

“தூவின்னுதான் வைப்பேன். அழாதீங்க.”

பால்கனியில் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டபடியே கணவன் கைப்பேசியில் கிசுகிசுத்தது, சன்னலுக்கு இந்தப் பக்கம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மனைவியின் காதில் தெளிவாக விழுந்தது.

உள்ளே வந்தவனிடம், யார் பேசியது என்று கேட்டாள். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டதாகத் தலையை ஆட்டிச் சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்தான். ஃப்ரிட்ஜ் ஓடாததற்கு மெக்கானிக்கிடம் அழுகிற வாடிக்கையாளரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். எழுத்து தெரியாமலே தெரிகிற மாதிரி தலையாட்டுகிறவர்களை ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். இவன் ஆட்டிய தலையும் அந்த ரகம்தான்.

சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்குக்கூட அவள் வாயைப் பார்த்து நிற்கிற மனுஷன் அவன். மகள் பிறந்த மறுவாரமே எங்கிருந்தோ ஒரு பெயரைத் தூக்கிக்கொண்டு வந்து, அதை விட்டால் வேறில்லை என்கிறான். கேட்டால், எங்கேயோ காதில் விழுந்ததாம், நன்றாக இருந்ததாம்.

அம்மாவிடம் புகார் சொன்னாள். மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் அதில் நொட்டை கண்டுபிடிக்கிறவள் அம்மா. பெயரைக் கேட்டதும் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, நல்ல பேர்தானே, மாப்பிள்ளை ஆசைப்படுகிறார், வைத்துவிடு என்றாள்.

அதுவே அவளுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாற்போல் ஆயிற்று. குழந்தை கண்ணயர்ந்ததும் இணையத்தில் தேடினாள். தூவி என்றால் பறவையின் மெல்லிறகு. பழைய தமிழ்ச் சொல். ஒரு பெயர்த் தளத்தில், எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்ற இடத்தில் ‘மிக அரிது’ என்று போட்டிருந்தது. அவர்கள் ஊரில் அந்தப் பெயருக்கு அகப்பட்டது ஒரே ஒரு தொலைபேசி எண்.

உடனே கூப்பிட்டாள். கரகரவென்று ஓர் ஆண்குரல் கேட்டது. தலையணைக் கடை.

கடைக்காரருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். அன்னத்தின் இறகை அடைத்து மெத்தை தைத்த காலத்துச் சொல் அது, அதனால்தான் கடைக்கு வைத்தேன் என்று விளக்கினார். பெண்பிள்ளைக்கு வைத்து அவர் கேட்டதே இல்லையாம். “அப்படி ஒரு பொண்ணு இருந்தா, லட்சத்துல ஒருத்தியா இருக்கணும்மா” என்றார்.

லட்சத்தில் ஒருத்தி. அந்த வார்த்தை அன்று முழுக்க அவளை அரித்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்கு ஒருத்தி இருந்திருக்கிறாள். அது முடிந்துபோன கதையோ, இன்னும் நடக்கிற கதையோ. எப்படியானாலும் எவளோ ஒருத்தியின் பெயரைச் சொல்லித் தான் பெற்ற மகளைக் காலமெல்லாம் கூப்பிட வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குழந்தையைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டுவிட்டு, முதலாளி வீட்டில் பார்க்க ஆசைப்படுகிறார்கள், காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். தானும் வருவதாக அவள் சொன்னதற்கு, நீ கொஞ்சம் படுத்து ஓய்வெடு என்றான். அந்த அக்கறைதான் அவள் சந்தேகத்தைக் கூட்டியது. அவன் ஏறிய ஆட்டோ தெருமுனை திரும்பியதும், இன்னொன்றைப் பிடித்துப் பின்னாலேயே போகச் சொன்னாள்.

முதலாளி வீடு இருந்தது வடக்கே. ஆட்டோ தெற்கே போய், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சந்தில் நின்றது. அவன் நுழைந்த வீட்டின் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் படியேறி, இடுக்கு வழியே பார்த்தாள்.

காதோரம் நரைத்த ஒரு பெண்மணி, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். “தூவி... தூவிக்குட்டி...” என்று வார்த்தைக்கு வார்த்தை அந்தப் பெயர். பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு இவள் கணவன்.

அந்த ஒருத்தியைப் பெற்றவளாகத்தான் இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, உள்ளறையிலிருந்து தண்ணீர்ச் செம்போடு இன்னொருத்தி வந்தாள். வந்தது இவளுடைய அம்மா.

பெற்ற தாயே இதற்கு உடந்தை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவளைக் கண்டதும் அம்மா ஓரடி பின்வாங்கினாள்.

“யாரு அந்தத் தூவி? இப்பச் சொல்லலைன்னா பிள்ளையைத் தூக்கிட்டு இப்படியே போயிடுவேன்.” அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அவன் மாமியாரைப் பார்த்தான். “இனிமே என்னால மறைக்க முடியாது, அத்தை. நீங்களே சொல்லிடுங்க.”

அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

நரைத்த பெண்மணி எழுந்தாள். குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அருகே வந்து இவள் கன்னத்தைத் தொடக் கையை நீட்டி, தொடாமலே நிறுத்திக்கொண்டாள்.

“பெத்ததும் உனக்கு நான் வெச்ச பேரும்மா அது.”