மீதிப் பன்னிரண்டு கல்

பிளேடில் விழுந்த தண்ணீர் நின்றதும் அவள் கல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டாள்.

பிளேடு சுற்றி ஓய்வதற்குள், பாதி வெட்டுப்பட்ட படிக்கல்லிலிருந்து வெள்ளையாய்ப் புகைபோல் தூசி எழுந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வெட்டமாட்டேன் என்று பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

வால்வை மூடச் சொன்னவர் கான்ட்ராக்டர். இரண்டாவது மாடியில் கல் வெட்டிய சேற்றுத் தண்ணீர் மாடிப்படி வழியே இறங்கி, நேற்று பெயின்ட் அடித்த சுவரைக் கோடு கோடாய்க் கறையாக்கியிருந்தது. நாலு மணிக்கு வீட்டுக்காரர் பார்க்க வருகிறார். மீதி இருப்பது பன்னிரண்டு கல். தண்ணீர் இல்லாமலே வெட்டி முடிக்கச் சொல் என்று சூப்பர்வைசரை அனுப்பினார்.

சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான். சின்ன வயது, தேய்த்த சட்டை. மேலே வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல், கல்லைப் பார்த்து விஷயத்தைச் சொன்னான்.

“தண்ணி வரட்டும், வெட்டுறேன்” என்றாள்.

மூக்கில் கட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு துணியை நீட்டினான். துணி தடுப்பது கண்ணுக்குத் தெரிகிற தூசியை, ஆளைத் தின்பது தெரியாத தூசி என்று திருப்பிக் கொடுத்தாள். மெஷினைக் கீழே வாசலில் இறக்கிவைத்தால் அங்கேயே தண்ணீர் விட்டு வெட்டித் தருகிறேன் என்றும் சொன்னாள். அதற்கெல்லாம் நேரமில்லை என்று கான்ட்ராக்டரிடமிருந்து போனில் பதில் வந்தது.

ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டு மூடிய அறை அது. டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் மூன்று பேர், சித்தாள் ஒருத்தி. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஒரு மணி நேர வேலைக்கு இத்தனை வீம்பா என்று முணுமுணுத்தார் டைல்ஸ்காரர்களில் மூத்தவர். நானே வெட்டிவிடுகிறேன் என்று மெஷினிடம் வந்தார்.

அவள் ஸ்பேனரை எடுத்து பிளேடைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மெஷின் கான்ட்ராக்டருடையது. பிளேடு அவள் வாங்கியது.

இந்த வேலையை அவள் கற்றது புருஷனிடம். பதினொரு வருஷம் தண்ணீர் இல்லாமலே வெட்டியவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். மாவு மில்லுக்காரர் வந்துவிட்டார் என்று அவளே கேலி செய்திருக்கிறாள். கடைசி வருஷம் மூச்சு முட்டி அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். நாற்பத்தோரு வயது.

இதை அவள் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் உச்சுக்கொட்டுவார்கள். அவளுக்கு அது வேண்டாம், தண்ணீர் வேண்டும்.

கான்ட்ராக்டரே ஏறி வந்தார். அவளை விட்டுவிட்டு சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டார். ஒரு பொம்பளையிடம் வேலை வாங்கத் துப்பில்லாதவனுக்கு எதற்குத் தேய்த்த சட்டை என்று கேட்டார். இந்த நிமிஷமே அவளை வெளியே அனுப்பு, முடியாவிட்டால் நீயும் கூடவே நடையைக் கட்டு என்றார்.

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் எழுந்து நின்றாள். போகச் சொன்னால் போகிறேன், ஆனால் எனக்குப் பதிலாக இன்னொருத்தரை இந்த அறையில் தூசி குடிக்கவிட்டால், தெருவில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்வேன் என்றாள். குரல் உயரவில்லை. சித்தாள் தன் கையிலிருந்த சட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

கான்ட்ராக்டரின் முகம் கறுத்தது.

“யாருய்யா இந்தப் பொம்பளை?”

சூப்பர்வைசர் குளியலறைக்குள் போனான். வால்வைத் திறந்தான். டியூப் காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தது. மூலையில் கிடந்த சாக்குகளை இழுத்து மாடிப்படிக்கு முன்னால் வரப்புபோல் அடுக்கினான், சேறு கீழே இறங்காதபடி. சட்டையெல்லாம் சிமென்ட்.

வேலையிடத்தில் ஒருவரையொருவர் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்று, சேர்ந்த நாளன்று காலையில் அவளிடம் கேட்டுக்கொண்டவன் அவன்தான். இத்தனை பேச்சுக்கு நடுவிலும் அவள் அதை மீறவில்லை.

அவன் நிமிர்ந்து, கான்ட்ராக்டரை நேராகப் பார்த்தான்.

“எங்கம்மா, சார்.”