சண்டைக்குப் பிறந்த லேப்டாப்

தவசீலன் வீட்டு மேசைக்குப் புது கேமிங் லேப்டாப் ஒன்று வந்து சேர்ந்தது. விசைகளுக்கடியில் வண்ண விளக்கு, உள்ளே இரண்டு விசிறி. பெரிய சண்டைக்கென்றே பிறந்த உடம்பு.

பக்கத்தில் கிடந்த பழைய லேப்டாப்பிடம், "அண்ணே, நீங்க ஓய்வெடுங்க. இனிமே சண்டையெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றது.

"பாருப்பா" என்றது விசையெல்லாம் தேய்ந்துபோன பழையது.

தவசீலன் புதியதை மெல்லிய துணியால் துடைத்தான். விளக்கை நீலமாக்கினான், பிறகு சிவப்பாக்கினான். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றை ஏற்றி, காட்சி எவ்வளவு வழவழவென்று ஓடுகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடினான். அந்த வாரம் முழுக்க இதேதான் நடந்தது. புதியதற்கு ஒன்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்பன் போனில் கூப்பிட்டான்: "டேய், ஒரு ஆட்டம் போடலாமா?"

'வந்துவிட்டது நம் நேரம்' என்று புதியது நிமிர்ந்தது.

தவசீலன் மிக்சர் தட்டோடு வந்து உட்கார்ந்தான். "எண்ணெய்க் கை, புதுசுல பட்டுடும்" என்று முணுமுணுத்து, முழங்கையால் அதை ஓரம் தள்ளிவிட்டுப் பழையதைத் திறந்தான்.

சற்றுப் பொறுத்து, மூடிக் கிடந்த புதியது மெதுவாகக் கேட்டது: "அண்ணே, சண்டை எப்படி இருக்கும்?"

"அப்புறம் சொல்றேன்ப்பா" என்று பழையது மூச்சு வாங்கியது. "சுடறாங்க!"